மவுண்ட் ரோடில் வியாழக்கிழமை

வாசகிகளே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக நீங்கள் தன்னந்தனியாக ஒரு சினிமாவுக்குப் போனது எப்போது?

"போன மாதம்கூடப் போனேனே!" என்பீர்கள். போயிருப்பீர்கள். கூடவே அவரும் வந்திருப்பார், குழந்தைகள் வந்திருப்பார்கள், ஊரிலிருந்து வந்த நாத்தனாரும் வந்திருப்பாள். எந்தப் படம் என்று குழந்தைகள் தீர்மானித்திருப்பார்கள். எந்த ஹோட்டல் என்று அவர் தீர்மானித்திருப்பார். யாருக்குத் தாகம், யாருக்குத் தூக்கம் என்று கவனித்துக்கொண்டதில் பாதிப் படம் போயிருக்கும். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி, "படம் எப்படி?" என்று கேட்டால், "நன்றாயிருக்கிறது என்று இவர் சொன்னார்" என்று பதில் சொல்லியிருப்பீர்கள். இதற்குப் பெயர் சினிமா பார்ப்பதா? குடும்பத்தைச் சினிமாவுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது!

நான் சொல்வது வேறு. உங்களுக்குப் பிடித்த ஒரு படம். அதன் பிறகு ஒரு புத்தகக் கடை. யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் அங்கே அரை மணி. அதன் பிறகு ஒரு டிபன். உங்கள் வாயாலேயே கேட்டு வாங்கி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. இவ்வளவுதான். இதைச் சென்னையில் ஒரே சாலையில், ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். இரண்டு வருஷமாக மாதம் ஒரு தடவை நான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

அது ஏன் வியாழக்கிழமை என்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு வாரவிடுமுறை அன்றைக்குத்தான் என்பது ஒன்று. புதுப் படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வெளியாகும். ஆகையால் வியாழன் மத்தியானம் என்பது, சென்ற வாரத்துப் படத்தின் ஆரவாரமெல்லாம் அடங்கிப்போன வேளை. விசில் கிடையாது. திரைக்கு முன்னால் காகிதத் துண்டுகள் பறக்காது. வசனம் காதில் விழும்! பள்ளிக்கூடமும் ஆபீஸும் நடக்கிற நாளாகையால் வீட்டிலும் உங்களைத் தேட ஆள் கிடையாது.

அண்ணா சாலை என்று பெயர் மாறிப் பல வருஷங்களாகியும் சென்னைவாசிகள் வாயில் அது இன்னமும் மவுண்ட் ரோடுதான். 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் பதினாலு மாடி. அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே உயரமான கட்டடம். வெளியூர்க்காரர்கள் எதிர்ச்சாரியில் நின்று கழுத்து வலிக்க மாடிகளை எண்ணிவிட்டுப் போவார்களாம். இன்று அந்தக் கட்டடத்தின் பெயரிலேயே பூமிக்கு அடியில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் இந்தச் சாலையின் அடியில் ஓட ஆரம்பித்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்றால், தனியாக வெளியே போக வேண்டுமென்று ஒரு பெண்ணுக்கு ஆசை வந்தால், முதலில் வந்து நிற்கிற கேள்வி "எதில் போவது?" என்பதுதான். (இரண்டாவது கேள்வி கழிப்பறை. பத்திரிகைகள் இதை எழுதுவதில்லை. ஆனால் வெளியே கிளம்பும் ஒவ்வொரு பெண்ணும் மனசுக்குள் முதலில் போடுகிற கணக்கு அதுதான். மெட்ரோ நிலையங்களில் இருக்கிறது. தியேட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

சினிமாவுக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. அண்ணா சாலைத் தபாலாபீஸ் வளாகத்துக்குள் பழைய கட்டடம் ஒன்றில் தபால்தலை சேகரிப்பவர்களுக்கான நிலையம் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர். மறு வருஷமே ஆர். வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். 1961-ல் சாந்தி, 1964-ல் ஸபையர். ஸபையர் வளாகத்துக்குள் புளூ டயமண்ட் என்று ஒன்று. அதில் படம் ஓயாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஒரே டிக்கெட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வெயிலுக்குப் பயந்து உள்ளே போய்த் தூங்கியவர்களே அதிகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று கெயிட்டி இல்லை, ஸபையர் இல்லை. சாந்தியும் 2016-ல் மூடிவிட்டது. 1970-ல் திறந்த தேவி நிற்கிறது. அந்த வளாகத்தில் தேவி பாரடைஸுக்குப் போக மாடிப்படி ஏற வேண்டியதில்லை. வளைந்து வளைந்து ஏறும் சாய்வுப் பாதை ஒன்று உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் அதைக் கட்டியவரை வாழ்த்திக்கொண்டே ஏறுவார்கள்.

அந்தப் பாதையில்தான் ஓர் அம்மாளை நான் சந்தித்தேன். 2024 அக்டோபர் மாதம். 'மெய்யழகன்' ஓடிக்கொண்டிருந்த சமயம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கைத்தறிப் புடவை, கையில் ஒரு சின்னக் கூடை. கூடையில் தேங்காயும் பழமும் வெற்றிலையும்! நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"என்னம்மா பார்க்கிறே? கோயிலுக்குப் போறேன்னு வீட்டில சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சினிமாவுக்கு என்று சொன்னால் விடமாட்டார்களா?"

"விடுவாங்க, விடாம என்ன. மருமகள் தங்கமான பொண்ணு. 'தனியாவா போறீங்க அத்தை? இருங்க, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து போகலாம்'னு சொல்லுவா. எல்லாரும் சேர்ந்து போனா, அவங்களுக்குப் பிடிச்ச படத்துக்கு இல்லே போகணும்?"

அவர் கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறதாம். நாற்பது வருஷம் அவரோடுதான் சினிமா பார்த்திருக்கிறார். அவருக்குச் சண்டைப் படம்தான் பிடிக்குமாம். "எனக்கு என்ன படம் பிடிக்கும்னே எனக்குத் தெரியாதும்மா. இப்பத்தான் ஒண்ணொண்ணாப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றார். இதைச் சோகமாகச் சொல்லவில்லை. புதுக் கடையில் பட்டுப்புடவை பார்க்கிறவர் மாதிரி சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ செய்தது.

இனி, படங்களைப் பற்றி என் அபிப்பிராயம். அபிப்பிராயம்தான், தீர்ப்பு அல்ல.

'மெய்யழகன்' சி. பிரேம்குமார் எடுத்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவர் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஓர் உறவுக்காரப் பிள்ளை விழுந்து விழுந்து உபசரிக்கிறான். இவருக்கோ அவன் பெயரே ஞாபகம் வரவில்லை, கேட்கவும் வெட்கம்! நம் ஊர்க் கல்யாணங்களில் இந்தத் தர்மசங்கடத்தை அனுபவிக்காதவர் யார்? அரவிந்த் சாமி முகத்தில் அந்தத் திண்டாட்டம் அப்படியே தெரிகிறது. கார்த்தியின் வெள்ளைச் சிரிப்பு வேறு அவரை மேலும் திண்டாட வைக்கிறது. படம் நீளம் என்று பலர் முணுமுணுத்ததால், வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால் வெட்டியிருக்கவே வேண்டாம். ஊருக்குப் போனால் பேச்சு நீளத்தான் நீளும்.

ஆனால் ஒன்று உறுத்தியது. இரண்டு ஆண்கள் விடிய விடிய உட்கார்ந்து, மனசில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் அன்பானவள். வாய் நிறைய வரவேற்கிறாள், வயிறு நிறையச் சோறு போடுகிறாள். அந்தப் பேச்சில் மட்டும் அவள் இல்லை. இதை இடைவேளைக்குப் பிறகு நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து நாற்காலி அம்மாள் என் காதோடு, "இவங்க விடியற வரைக்கும் பேசலாம். நாம ஆறு மணிக்கு வீட்டில இருக்கணும்" என்றார். விமரிசனம் எழுதுகிறவர்கள் பத்துப் பத்திகளில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அதே வருஷம் ஆகஸ்டில் வந்த 'கொட்டுக்காளி'யைப் பார்த்தபோது அரங்கில் மொத்தம் பன்னிரண்டு பேர். பி.எஸ். வினோத்ராஜின் படம். காதல் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண்ணை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் அழைத்துப் போகிறார்கள். சுற்றிலும் உறவினர்கள் கூச்சல். அந்தப் பெண்ணோ ஏறக்குறைய வாயையே திறப்பதில்லை. அன்னா பென் கண்ணாலேயே நடித்துவிடுகிறார். படத்தில் பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தமும் காற்றும் கோழி கொக்கரிப்பதும்தான். வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் மிரண்டு ஒதுங்கும்போது, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட்டுக் காசு தகும். ஆனால் முடிவு என்ன என்று கேட்டுக்கொண்டு போனீர்களானால் ஏமாந்து போவீர்கள். டைரக்டர் நம்மைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடுகிறார். எனக்கு அது பிடித்தது. உங்கள் வீட்டு ஆண்களுக்குப் பிடிக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

'லப்பர் பந்து' கிரிக்கெட் படம் என்று பயந்துகொண்டு போனேன். கிரிக்கெட் எனக்கு விளங்காது. படம் முழுக்க விளங்கியது! கணவன் விளையாட்டே கதி என்று இருக்கிற மைதானத்தை, மனைவி டிராக்டர் ஓட்டிவந்து உழுது தள்ளும் காட்சியில் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஸ்வாசிகா அந்த மனைவி.

படம் முடிந்தால் அடுத்தது புத்தகக் கடை. எல்.ஐ.சி. நிலையத்துக்கு அருகே, சாலையைப் பார்த்தபடி நிற்கும் வெள்ளைக் கட்டடம் ஹிக்கின்பாதம்ஸ். 1844-ல் ஆரம்பித்த கடை. இந்தியாவில் இன்றும் நடக்கும் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. உயர்ந்த கூரைக்கு அடியில் நிற்கும்போது குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. புத்தகக் கடையில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே மட்டும் யாரும் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்பதில்லை. அலமாரிக்கு முன்னால் நிற்கும் எல்லாருமே தனி ஆட்கள்தான்.

அந்த அம்மாளும் அன்று என்னோடு வந்தார். வாராந்தரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்த தலைமுறை அவருடைய தாயார் தலைமுறை. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னை அவர் தாயார் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தாராம். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் 2022-லும் 2023-லும் வந்தபோது மருமகள் அழைத்துப் போயிருக்கிறாள். "படம் நல்லாத்தான் இருந்தது. ஆனா என் குந்தவை வேற முகம்" என்றார். ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடைத்தது சாமர்த்தியம்தான். ஆனால் வாரம் ஒரு அத்தியாயமாக நாலு வருஷம் கூடவே வாழ்ந்தவர்களுக்கு அது போதாது என்பது என் கட்சியும்கூட.

அவர் ஒரு புத்தகம் சொல்லச் சொன்னார். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைச் சொன்னேன். 1988-ல் வந்த தொகுதி. பழசு என்று தள்ளிவிட முடியாது. தலைப்புக் கதையில் ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம் ஒன்று. வீடு பெரிது, சாப்பாடு பெரிது. சமையலறை மட்டும் இருட்டு மூலையில். ஜன்னலுக்கு வெளியே மலை தெரியும். ஆனால் கொடியில் காயும் ஈரத்துணி அதை மறைத்துக்கொண்டிருக்கும். மருமகள் அதைச் சொல்லப் போய் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லமாட்டேன். அதே அம்பைக்கு 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' தொகுதிக்காக 2021-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. முந்திய வருஷம் பரிசு பெற்ற இமையத்தின் 'செல்லாத பண'த்தை மட்டும் நான் அவரிடம் சிபாரிசு செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் தீப்புண் வார்டில் கிடக்கும் ஒரு பெண்ணையும் வாசலில் பணத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் அவள் குடும்பத்தையும் பற்றிய நாவல். நான் படித்தேன், இரண்டு இரவு தூக்கம் இல்லை. நல்ல நாவல்தான். பகலில் படியுங்கள்.

இப்போது வயிற்றுப்பாடு. ஹோட்டல் விஷயத்தில்தான் தனியாகப் போகும் பெண்ணுக்கு மெய்யான சோதனை. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்பு பல ஹோட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று பலகைத் தடுப்போ திரைச்சீலையோ போட்டு ஓரிடம் உண்டு. பெண்கள் அதற்குள்தான் உட்காருவார்கள். கௌரவமான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பெயரைக் கவனியுங்கள்: அது குடும்பத்துக்கு உண்டான அறை. குடும்பம் இல்லாமல் ஒருத்தி வந்தால் வெளியிலும் உட்கார முடியாது. உள்ளே போகவும் கூச்சம். திரைச்சீலை போய்விட்டது. ஆனாலும் ஒரு பெரிய ஹோட்டலில் போன வருஷம் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். (பெயர் வேண்டாம்.) உட்கார்ந்து கால் மணி நேரம் யாரும் என் பக்கம் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "கூட வர்றவங்க வரட்டும்னு காத்திருந்தோம் மேடம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதுதான் கஷ்டம்; மரியாதையோடு சண்டை போட முடிவதில்லை.

அதனால் நான் டிபன் ஹோட்டல் கட்சி. அங்கே தனி ஆள், ஜோடி என்ற பேதம் கிடையாது. காலியான நாற்காலியில் உட்கார வேண்டியது. எதிரே யாரோ காப்பி ஆற்றிக்கொண்டிருப்பார். அவர் பாட்டுக்கு அவர், நம் பாட்டுக்கு நாம். மவுண்ட் ரோடிலேயே புகாரி இருக்கிறது. 1951-லிருந்து பிரியாணிக்குப் பேர் போனது. 'சிக்கன் 65' 1965-ல் அங்கேதான் பிறந்தது என்பார்கள். அசைவக்காரர்களுக்கு அது திசை. நானும் அந்த அம்மாளும் வாலாஜா ரோடு வழியாகத் திருவல்லிக்கேணி ஹைரோடுக்கு நடந்தோம். 1948-ல் ஆரம்பித்த ரத்னா கபே அங்கே. இட்லி கேட்டால் இட்லியை ஒரு குளத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். குளம் முழுக்க சாம்பார். தீரத் தீர மறுபடியும் ஊற்றுவார்கள். சாம்பாரில் இட்லியா, இட்லியில் சாம்பாரா என்று வேதாந்த விசாரம் செய்யாமல் ஸ்பூனை எடுத்துக்கொள்வது நல்லது. என் ருசிக்குச் சாம்பாரில் தித்திப்பு ஒரு பிடி தூக்கல். அந்த அம்மாளுக்கு அதுவே பிடித்திருந்தது. "எங்க வீட்டுக்காரர் இட்லிக்குச் சட்னிதான் வேணும்பார். நானும் சட்னிதான் அரைச்சேன், நாற்பது வருஷமா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னார்.

காப்பி வந்தது. மணி ஐந்து. பார்த்தசாரதி கோயில் நடை நாலு மணிக்கே திறந்திருக்கும். "பொய் சொன்ன பாவம் வேண்டாம், அங்கேயும் போயிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பிரசாதம் இல்லாம போனா மருமகள் கேட்பாளே" என்று கூடையைத் திருத்தினார். இவரும் ஸபையரில் கணவரோடு ராத்திரிக் காட்சி பார்த்தவராம். படம் விட்டு, ஆளில்லாத மவுண்ட் ரோடில் டாக்ஸிக்குக் காத்திருந்ததைப் படத்தைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். மெட்ரோ இப்போது ராத்திரி பதினொரு மணிவரை ஓடுகிறது என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு தடவை போகணும்தான். ஆனா வீட்டில என்ன சொல்றது? அந்த நேரத்துக்குக் கோயில் சாத்திடுவாங்களே!"

வாஸ்தவம். எனக்கும் பதில் தோன்றவில்லை. பில்லைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வரும்போது அவரே திரும்பி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"